ஊர்ப் பங்கில் வராத ஊசி

குப்பத்தின் கடைசி வீட்டைத் தாண்டிச் சவுக்குத் தோப்புக்குள் வந்த பிறகுதான் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுப் பார்த்தேன். இடது முன்கையின் உள்பக்கம், ஊசி போட்ட இடத்தில், புளியங்கொட்டை அளவுக்குத் தடித்திருந்தது. நெருப்பாக அரித்தது. சொறியக் கூடாது, எதையும் தடவக் கூடாது என்று நர்சம்மா சொல்லியிருந்தார். அரசாங்கத்து ஆள் ஒருவர் சொன்னதை நான் மறு பேச்சில்லாமல் கேட்டு நடந்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பரிசாக வேலை போயிற்று.

முதுகில் பை. பைக்குள் இரண்டு லுங்கி, ஒரு போர்வை, போன் சார்ஜர். நான் ஓர் ஊரை விட்டுக் கிளம்ப இதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. ஆனால் வழக்கமாகக் கிளம்பும்போது எங்கே போகிறேன் என்று தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது. பாகூர் பக்கம் இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் இந்தத் தடிப்பைக் காட்ட வேண்டும். ஊசி போட்ட இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ காட்டினால்தான் கணக்கு. விட்டால் வீக்கம் வடிந்துவிடும், ஊசியும் வீண். உடம்புக்குள் டிபி கிருமி இருக்கிறதா இல்லையா என்று சொல்லப்போவது அந்தத் தடிப்பு ஒன்றுதான். என் அம்மா அந்த நோயில் போனவள். ஆகையால் தெரிந்துகொண்டு போவது நல்லது என்று பட்டது.

அந்தக் குப்பம் நல்லவாட்டிலிருந்து தூரமில்லை. பேர் வேண்டாம். நாளைக்கே அங்கே மறுபடி வேலை கேட்டுப் போக நேரலாம். ஒரு பைபர் போட்டில் கூலிக்குக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஏழாவதைப் பாதியில் விட்டவனுக்குக் கடலில் பரீட்சை கிடையாது, வாந்தி எடுக்காமல் இருந்தால் போதும். படுக்கை வலைக் கொட்டகையில். பக்கத்தில் படுப்பவர் போட்டுக்காரரின் மச்சான். அதனால் குப்பம் முழுக்க அவரை மச்சான் என்றுதான் கூப்பிட்டது. நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவர். பாய் ஒன்று, தலையணை இரண்டு, கொசுவலை ஒன்று. அந்தக் கொசுவலைக்குள் அவர் இருமிய இருமல் அத்தனையும் எனக்குத்தான் சொந்தம்.

அவர் இருமலுக்கு முதலில் பீடியைக் காரணம் சொன்னார்கள். பீடியை விட்டார். ஐஸ் பெட்டியைச் சொன்னார்கள். ஐஸ் உடைக்கும் வேலையை எனக்குத் தள்ளினார். பிறகு யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார்கள். அந்த உடம்பில் கண் வைக்க என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் சளியில் ரத்தம் வந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். சளியைப் பரிசோதித்து டிபி என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மறு வாரம் நர்சம்மா ஸ்கூட்டரில் ஒரு குளிர்ப்பெட்டியோடு குப்பத்துக்கு வந்தார். மச்சானோடு ஒட்டிப் பழகியவர்கள், ஒரே வீட்டில் சாப்பிட்டவர்கள், பக்கத்தில் படுத்தவர்கள் எல்லாருக்கும் கையில் ஒரு சின்ன ஊசி. நோய் வந்திருக்கிறதா என்று பார்க்க அல்ல, நோய்க் கிருமி உள்ளே வந்து சும்மா படுத்திருக்கிறதா என்று பார்க்க. இதை அவர் பொறுமையாகச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. குளிர்ப்பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏனென்றால் அந்தக் குப்பத்தில் வெளியிலிருந்து ஒரு பெட்டி வந்தால் அது ஊருக்குப் பொது. புயலுக்குப் பிறகு குடம் வந்தால் வரி கட்டும் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குடம். தார்ப்பாய் வந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தார்ப்பாய். குடும்பங்களை விடக் குடம் குறைவாக இருந்தால் யாருக்கும் கிடையாது, கோயில் அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். இது நல்ல பழக்கம்தான். இந்த நியாயம் ஊசிக்கும் பொருந்துமா என்று அதுவரை யாருக்கும் யோசிக்க நேரவில்லை, அவ்வளவுதான்.

கொட்டகையில் முதல் ஆளாகக் கையை நீட்டியவர் பஞ்சாயத்துத் தலைவர். "நா டெய்லி அவன்கூடதாம்மா சீட்டாடறேன். மொதல்ல எனக்குப் போடு" என்றார். அது உண்மை என்பதால் நர்சம்மாவும் போட்டார். பிறகு போட்டுக்காரர், அவர் மனைவி, பெரிய பையன். நான் நகர்ந்து வந்தபோது தலைவர் குறுக்கே கை வைத்தார்.

"இவன் வெளியூரும்மா. ஊர் ஆளுங்க முடியட்டும்."

"இவருக்குப் பக்கத்துல படுத்தது யாரு?" என்று நர்சம்மா மச்சானைப் பார்த்துக் கேட்டார்.

மச்சான் மூலையில் உட்கார்ந்தபடி என்னைக் காட்டினார். "இவன்தாங்க. ஒரே கொசுவல. நா இருமுனா இவன் திட்டுவான், இவன் திட்டுனா நா இருமுவேன்."

"அப்ப இவருக்குத்தான் மொதல்ல போட்டிருக்கணும். கிருமி ஊர் வரி கேக்காதுங்கய்யா" என்று சொல்லி நர்சம்மா என் கையைப் பிடித்தார். தோலுக்கு அடியில் ஒரு பொட்டு மருந்து. கொசுக்கடி மாதிரி ஒரு சின்னக் குமிழி எழும்பி, கொஞ்ச நேரத்தில் அமுங்கியது. இவ்வளவுதானா என்று இருந்தது. ரெண்டு நாள் கழித்து வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் பஞ்சாயத்து கூடியது. ஊசி கிடைக்காத வீட்டுக்காரர்கள் கூட்டியது.

"கெவுருமெண்டுல இருந்து எது வந்தாலும் பொதுவாத்தான் வரணும். ஒரு வூட்டுக்கு மட்டும் ஊசின்னா மத்தவன்லாம் இன்னா, மனுசன் இல்லியா?" என்றார் ஒருவர்.

"அது தடுப்பூசி இல்லண்ணே. வீங்குதான்னு பாக்குற ஊசி" என்றேன் நான், ஓரத்தில் நின்று.

"அப்ப எல்லாருக்கும் வீங்கட்டும். அவன் வூட்டுக்கு மட்டும் எதுக்கு வீங்கணும்?"

தன் கையில் ஊசி ஏறியிருப்பது ஊருக்கே தெரிந்த நிலையில் தலைவர் மற்றவர்களை விடக் கடுமையாக இருக்க வேண்டியிருந்தது. தீர்ப்பு சொன்னார்: குப்பத்தில் அத்தனை பேருக்கும் ஊசி போடும்வரை யாரும் கையைக் காட்டக் கூடாது. மீறினால் ஊருக்குக் கட்டுப்படாதவன். "போட்டுல வேலை செய்யற வெளியூர் ஆளுக்கும் இது உண்டு" என்று என்னைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்.

ஊசி கொடுக்கும்போது நான் வெளியூர்க்காரன், கட்டுப்படும்போது உள்ளூர்க்காரன். எந்த ஊரிலும் என்னை இவ்வளவு சீக்கிரத்தில் சேர்த்துக்கொண்டதில்லை.

சொன்னபடி இரண்டு நாள் கழித்துக் காலையில் நர்சம்மா வந்தார். கோயில் முனையில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். "சரி, நான் ஆஸ்பத்திரியில இருக்கேன். இன்னிக்கில்லன்னா நாளைக்கு, அதுக்கு மேல இந்தக் கையைப் பாத்துப் பிரயோஜனம் இல்ல" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினார். நான் போட்டுக்காரரிடம் போய், அரை நாள் விடச் சொல்லிக் கேட்டேன்.

"போனா அப்படியே போயிடு. ஊரப் பகச்சிக்கினு என்னால ஒன்ன வச்சிக்க முடியாது" என்றார். கெட்டவர் இல்லை. பேசும்போது தன் முன்கையைத் தன்னை அறியாமல் தடவிக்கொண்டிருந்தார்.

மச்சான் மட்டும் வெளியே வந்தார். "போடா போடா. பாயும் ஒண்ணு, கொசுவலையும் ஒண்ணு, நோயும் ஒண்ணா இருந்தா ஒனக்கு இன்னா நஷ்டம்?" என்றார். பிறகு, "இருக்காதுடா" என்றார். இரண்டில் எதைக் கேட்டுக்கொள்வது என்று தெரியாமல் கிளம்பினேன்.

தவளக்குப்பத்தில் டெம்போ ஏறினேன். பக்கத்தில் ஒரு மீன்காரம்மா, மடியில் அலுமினியப் பாத்திரம்.

"இன்னாபா கையில? தேள் கொட்டுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை, அன்றைக்குச் சோம்பலாக இருந்தது. "ஊசிம்மா. டிபி கிருமி இருக்குதான்னு பாக்குறது."

எதிரே இருந்த இரண்டு பேர் டிரைவர் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். மீன்காரம்மா முந்தானையை இழுத்துப் பாத்திரத்தை மூடினார், தன் மூக்கை அல்ல. "மீனு மேல மூச்சு வுடாத."

"எனக்கு நோய் இல்லம்மா. இருமலே கிடையாது. இது யாருக்கும் ஒட்டாது."

"நோய் இல்லன்னா எதுக்கு வீங்குச்சி?"

"அதக் கேக்கத்தான் போறேன்."

"கேட்டுக்கினு அப்புறமா டெம்போல ஏறக் கூடாதா?" என்றார். நியாயமான கேள்வி. கொஞ்ச தூரம் போனதும் அவருக்கே மனசு கேட்கவில்லை. "சுண்ணாம்பும் மஞ்சளும் கொழைச்சித் தடவிக்கினு போபா. அமுங்கிடும். அமுங்கிட்டா நோய் இல்லன்னு எழுதிடுவாங்க" என்றார். நாட்டில் பாதி வேலை இந்த வழியில்தான் நடக்கிறது என்பதால் நான் சிரிக்கவில்லை.

கிருமாம்பாக்கத்தில் இறங்கி மேற்கே நடந்தேன். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல், நடுநடுவே கரும்பு. கரும்பைப் பார்த்தால் எனக்கு நடை வேகமாகும், அதில் பாதிப் பிள்ளைப் பருவம் போயிருக்கிறது. வழியில் யாரும் என்னிடம் கையைப் பற்றிக் கேட்கவில்லை. வயலில் வேலை செய்பவன் கையில் தடிப்பு இல்லாவிட்டால்தான் கேட்பார்கள்.

ஆஸ்பத்திரியில் மரத்தடி பெஞ்சில் ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்திருந்தார். கொதிக்கும் வெயிலில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். நான் கிட்டே போனதும் முகத்தைத் திருப்பினார். திருப்பினாலும் பஞ்சாயத்துத் தலைவர் பஞ்சாயத்துத் தலைவர்தான்.

"நீ இன்னாடா இங்க?"

"கையக் காட்ட வந்தேண்ணே."

"ஊர் கட்டுப்பாடு இருக்குதே."

"அதாண்ணே, ஊர்ல காட்டல."

சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "நா சுகருக்குப் பாக்க வந்தேன்" என்றார்.

உள்ளேயிருந்து நர்சம்மா எட்டிப் பார்த்தார். "டிபி ஊசிக்குக் கை காட்ட வந்தவரு வாங்க." இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தோம்.

"நீ என்னப் பாக்கல, நா ஒன்னப் பாக்கல" என்றார் தலைவர் நடந்துகொண்டே.

"சரிண்ணே. நீங்க முன்ன போங்க, நான் பாக்காம பின்னால வரேன்."

தலைவரின் பொத்தான்களைக் கழற்றவே நேரம் பிடித்தது. நர்சம்மா அவர் முன்கையை விரலால் தடவிப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். லேசாகச் சிவந்திருந்தது, மற்றபடி மொழுமொழுவென்று இருந்தது. சிவப்பைக் கணக்கில் எடுக்க மாட்டார்களாம், கெட்டியாகத் தடித்திருப்பதைத்தான் அளப்பார்களாம். "ஒண்ணும் இல்லீங்கய்யா" என்றார்.

தலைவரின் முகம் வாடிவிட்டது. "ஒண்ணுமே ஏறலியா? மருந்து பத்தலியா?"

"ஏறலன்னா நல்லதுங்க."

அடுத்து நான் கையை நீட்டினேன். தலைவர் எட்டிப் பார்த்தார். தடிப்பைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், மறுபடி தடிப்பைப் பார்த்தார். ஐம்பது குடத்தைச் சண்டையில்லாமல் பங்கு வைத்த மனிதர். நர்சம்மாவிடம் திரும்பிக் கேட்டார்: "வெளியூர்க்காரனுக்கு மட்டும் நல்ல மருந்தாப் பாத்துப் போட்டு வுட்டீங்களாம்மா?"

நர்சம்மா பேனாவைத் தோலில் வைத்து மெதுவாகத் தடிப்பை நோக்கி நகர்த்தினார். எங்கே முட்டி நின்றதோ அங்கே ஒரு கோடு. எதிர்ப்பக்கத்திலிருந்தும் அப்படியே ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் சின்ன ஸ்கேலை வைத்தார். அளவை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். எண் எனக்குப் புரியவில்லை. அவர் ஸ்கேலைத் துடைத்து வைத்த விதத்தில் புரிந்தது.

"உள்ள இருக்கு. ஆனா நோயா இருக்கா, சும்மா இருக்கான்னு எக்ஸ்ரே பாத்தாத்தான் தெரியும். இருமல் உண்டா? காய்ச்சல்? சோறு எறங்குதா?"

"சோறு கிடைச்சா எறங்குதும்மா."

எக்ஸ்ரே எடுக்கும்வரை சட்டையைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி நின்றேன். டாக்டர் படத்தைப் பார்த்து, நுரையீரல் சுத்தம் என்றார். கிருமி உள்ளே வந்திருக்கிறது, தூங்குகிறது. பல பேருக்கு ஆயுசு முழுக்கத் தூங்கும். சிலருக்கு உடம்பு தளரும்போது எழுந்துகொள்ளும். எழுவதற்கு முன்னால் தீர்த்துவிடலாம். நான் இந்த ஊர் உலகத்தில் படுக்க இடம் தேடி அலைந்துகொண்டிருக்க, என்னிடம் கேட்காமல் ஒரு கூட்டம் எனக்குள்ளேயே படுத்துத் தூங்கியிருக்கிறது.

மாத்திரை வாரத்துக்கு ஒரு தடவை, மூன்று மாதம். இங்கே வந்து நர்சம்மா எதிரில் விழுங்க வேண்டும். ஒன்றுக்குச் செம்மஞ்சளாகப் போகும், பயப்படக் கூடாது. குடிக்கக் கூடாது.

"மாத்திரையும் இவனுக்கு மட்டுந்தானா?" என்றார் தலைவர். அவர் இன்னும் போகவில்லை.

"உங்களுக்குத் தேவையில்ல. அந்த போட்டுக்காரர் வீட்டுல கைக்குழந்தை ஒண்ணு இருக்கு. அதுக்கு ஊசியே வேணாம், நேரா மருந்து கொடுக்கணும். நாளைக்குள்ள வரலன்னா மத்தவங்களுக்கெல்லாம் நான் திரும்பக் குத்தணும். ஒருத்தருக்கே ரெண்டு ஊசி. அப்புறம் ஊர்ல என்ன சொல்லுவீங்க?"

ஒரே வீட்டுக்கு இரண்டு பங்கு. தலைவருக்கு அது தாங்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். மதியத்துக்குள் மீன் ஏற்றும் வண்டியில் போட்டுக்காரர் குடும்பம் மொத்தமும் வந்து இறங்கியது. எல்லாருக்கும் கை மூடியிருந்தது, துண்டாலோ முந்தானையாலோ. திருட்டு நகையைக் கொண்டு வருவதுபோல் முன்கைகளைக் கொண்டு வந்தார்கள். போட்டுக்காரர் மனைவி மட்டும் என்னைப் பார்த்து, "சாப்ட்டியா?" என்று கேட்டார். குழந்தை மருந்தைத் துப்பியது. மறுபடி கொடுத்தார்கள்.

ஊர்க் கட்டுப்பாடு மட்டும் எடுக்கப்படவில்லை. அது இன்றும் அமலில் இருப்பதாகத்தான் நினைக்கிறேன். ஊசி போட்டுக்கொண்ட எல்லாரும் அதை மீறியாகிவிட்டது. மற்றவர்கள் இன்றுவரை உறுதியாக இருக்கிறார்கள்.

கிளம்பும்போது தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ ஊருக்கு வா. பஞ்சாயத்துல வந்து கால்ல வுழுந்து எழுந்துட்டா போதும். நா சொல்லி வேலைக்குச் சேத்துக்கிறேன்."

"எதுக்குண்ணே வுழணும்?"

"கட்டுப்பாட்ட மீறுனதுக்கு."

"நீங்க எப்ப வுழப்போறீங்க?"

"டேய், நா சுகருக்கு வந்தேன்டா" என்றார். பொத்தான்களை மறுபடி மணிக்கட்டு வரை போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். அத்தனை பேர் மீறியதில், பட்டப்பகலில் எல்லார் கண்ணிலும் படும்படி பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவன் நான் ஒருவன்தான். விழ ஒரு ஆள் வேண்டும் என்றால் அது நானாகத்தான் இருக்க முடியும்.

முதல் வாரத்து மாத்திரைகளை அங்கேயே விழுங்கினேன். ஒன்றல்ல, ஒரு பிடி. நர்சம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "அடுத்த வாரம் வருவீங்களா?"

வருவேன் என்று சொல்ல வாய் வந்தது. நிறையப் பேரிடம் நிறையத் தடவை சொன்ன வார்த்தை. அம்மாவுக்கும் மாத்திரை இருந்தது. சுத்துக்கேணிப் பக்கம் கரும்பு வெட்டு முடிந்ததும் கரையாம்புத்தூர்ப் பக்கம் போனோம், அங்கே முடிந்ததும் இன்னொரு பக்கம். மாத்திரை ஓர் ஊரில் இருந்தது, கரும்பு இன்னோர் ஊரில் இருந்தது. அம்மா கரும்போடு போனாள். அதில் யார் தவறும் இல்லை, கரும்பு காத்திருக்காது. நானும் அதற்குப் பிறகு எந்த ஊரிலும் மூன்று மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததாக நினைவில்லை.

"இங்கயே ஒரு வேலையப் பாத்துக்கறேம்மா" என்றேன். "எந்த வேலைன்னாலும் பரவால்லியா?" என்று கேட்டார். மூச்சு முட்டாத எதுவும் பரவாயில்லை என்றேன்.

ராத்திரி பஸ் நிறுத்தத்தில் படுத்து எழுந்தேன். ஒன்றுக்குச் சொன்னபடியே செம்மஞ்சளாகப் போயிற்று. அரசாங்கம் சொன்னது சொன்னபடி நடந்ததை நானே பார்த்தேன். பிறகு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து இரண்டு பக்கமும் நடந்து வேலை கேட்டேன். டீக்கடையில் ஆள் இருந்தது. உரக்கடையில் ஆதார் கேட்டார்கள். அதற்கு அடுத்து சாராயக்கடை. காலையிலேயே திறந்து, தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்த நாலு பேர் நின்றபடியே ஆரம்பித்திருந்தார்கள். பெஞ்சு துடைக்க, கிளாஸ் கழுவ ஆள் வேண்டும் என்றார் கடைக்காரர்.

"குடிப்பியா?"

"மூணு மாசத்துக்குக் கெடையாதுண்ணே. ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க."

அவர் கல்லாவிலிருந்து எழுந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தக் கடைக்கு வேலை கேட்டு வந்தவர்களில் டாக்டர் உத்தரவோடு வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"எவ்ளோ நாளு இருப்ப?"

"மூணு மாசம். வாரத்துல ஒரு நாள் காலையில மாத்திர முழுங்க அங்க வுடணும்" என்று ஆஸ்பத்திரியைக் காட்டினேன்.

"மூணு மாசமா? இங்க எவனும் மூணு வாரம் தாண்டுனதில்ல" என்றார். கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குழாயடியைக் காட்டி வாளியைக் கையில் கொடுத்தார். கிளாஸ்கள் ஏற்கெனவே நிறையச் சேர்ந்திருந்தன.